ஒத்திகைத் தாக்குதல் எங்கே மாட்டிக்கொள்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பக்கம் ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும் நூற்பாலையிலும் 'சிஸ்டம் பார்க்கிறவர்' என்று ஒருவர் இருப்பார். சர்வர், பிரிண்டர், கைரேகை மெஷின், டேலி பேக்கப், கேமரா எல்லாம் அவர் தலையில்தான். ஏஐயை வைத்துக் கம்பெனி சிஸ்டத்தில் ஒத்திகைத் தாக்குதல் நடத்தும்போது வரும் கோளாறுகளைப் பற்றி, அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரக்கு கப்பல் ஏற இரண்டு நாள் இருக்கும்போது ஒரு யூனிட்டில் எல்லா ஃபைல்களும் பூட்டிக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். பேக்கப் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ராப்பகலாகச் சர்வரிலேயே செருகிக் கிடந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. மெர்ச்சண்டைசராக இருந்த பெண், பழைய வாட்ஸ்அப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து பேக்கிங் லிஸ்ட்டை மறுபடி அடித்தார். அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் ஒத்திகை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. திருடன் வருகிற வழியில் நாமே ஒருமுறை நடந்து பார்த்தால், எந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது தெரிந்துவிடும்.

என் அமைப்பு இதுதான். ஒரு கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். உபுண்டுவில் கால்டெரா; அடி வாங்குவதற்கென்று ஒரு விண்டோஸ்; கண்காணிக்க, லாக்குகளைச் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கை தரும் வாசூ. கால்டெரா என்பது மைட்டர் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் ஒத்திகைக் கருவி. தாக்குதல் முறைகளுக்கு எண் கொடுத்து அதே நிறுவனம் தொகுத்திருக்கும் அட்டாக் பட்டியலை வைத்துத்தான் அது ஓடுகிறது. கால்டெராவோடு ஏஐயைப் பேச வைக்க இடையில் ஒரு எம்சிபி சர்வர். எம்சிபி என்பது ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்க, கிளாட் ஏஐயை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட முறை. சொற்குழப்பம் வராமல் இருக்க, கீழே 'ஏஐ' என்றால் நாம் பேசும் கருவி. 'ஏஜென்ட்' என்றால் விண்டோஸுக்குள் உட்கார்ந்து கால்டெராவின் கட்டளையை நிறைவேற்றும் சின்ன நிரல்.

தொடங்குமுன் முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த மெஷின், எந்த நாள், எத்தனை மணி வரை, யார் நிறுத்தச் சொல்லலாம் என்று நான்கு வரி போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின்படி, அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கை வைத்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டிவரும்; அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலை செய்கிற கம்பெனிதானே என்ற உரிமை அங்கே செல்லாது. சனிக்கிழமை சம்பள நாளில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

அறிகுறி: ஏஐக்குக் கால்டெரா கருவியே தெரியவில்லை

பத்துக்கு எட்டு முறை கோளாறு கான்ஃபிக் ஃபைலில்தான் இருக்கும். அந்த ஃபைல் எழுதப்படும் ஜேசான் வடிவத்தில் கடைசி வரிக்கு அப்புறம் ஒரு கமா மிச்சம் இருந்தாலே முழு ஃபைலும் செல்லாது. விண்டோஸில் ஃபோல்டர் பாதை எழுதும்போது பின்சாய்வுக் கோட்டை இரட்டையாகப் போட வேண்டும். பாதையை டிரைவ் எழுத்திலிருந்து முழுதாக எழுதுங்கள். பைத்தானுக்கும் அப்படியே, எந்தச் சூழலில் நூலகங்களை ஏற்றினீர்களோ அந்தப் பைத்தானின் பாதை. திருத்தியபின் ஜன்னலை மூடினால் போதாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானிலும் வெளியேறிவிட்டுத் திறக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும், இணைந்த நொடியில் அறுந்துபோகிறதா? உங்கள் எம்சிபி சர்வர் நிரலில் 'பிரிண்ட்' கட்டளை இருக்கிறதா என்று தேடுங்கள். நேரடி இணைப்பில் அதன் வெளியீட்டுக் குழாய் ஏஐயோடு பேசுவதற்கு மட்டும்தான். சோதனைக்காக நாம் போட்ட ஒரு வரி அந்தக் குழாயில் கலந்தாலும் பேச்சு குழம்பிவிடும். லாக் வரிகளைப் பிழைக்குழாய்க்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அறிகுறி: கருவி தெரிகிறது, கூப்பிட்டால் 401 (அனுமதி இல்லை) என்ற பிழை

சாவி தவறு. கால்டெராவின் சாவி, 'கீ' என்ற பெயருள்ள தலைப்பு வரியில் போக வேண்டும்; பலர் பழக்கத்தில் ஆத்தரைசேஷன் என்று எழுதிவிடுகிறார்கள். சாதாரணமாக ஓடவிட்டால் முதல்முறை அதுவே புதுச் சாவி உண்டாக்கி, கான்ஃப் ஃபோல்டருக்குள் லோக்கல் என்ற ஃபைலில் எழுதிவைக்கும். அங்கிருந்து எடுங்கள்.

'இன்செக்யூர்' சேர்த்து ஓடவிட்டால் உடனே வேலை செய்துவிடும் என்று சிலர் வழி காட்டுவார்கள். வேண்டாம். அதில் இருக்கும் சாவியும் பாஸ்வேர்டும் உலகத்துக்கே தெரிந்தவை. பழைய கால்டெராவும் வேண்டாம்: பாதுகாப்பு ஓட்டைகளுக்கு எண் கொடுக்கும் சிவிஇ பட்டியலில் சிவிஇ-2025-27364 என்று பதிவான ஓட்டை, சாவியே இல்லாமல் வெளியாள் அந்தச் சர்வரில் கட்டளை ஓட்ட வழிவிட்டது. 4.2.0 வரையும், திருத்தம் வருவதற்கு முந்தைய 5.0.0-வும் அதில் மாட்டும். கதவைச் சோதிக்க வந்தவன் புதுசாக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகக் கூடாது.

அறிகுறி: ஏஜென்ட் பட்டியலில் வருவதில்லை, அல்லது வந்து மறைகிறது

முதலில் அடிவாங்கும் விண்டோஸில் பிரவுசரைத் திறந்து, கால்டெராவின் ஐபியையும் 8888 என்ற போர்ட்டையும் அடித்துப் பாருங்கள். பக்கம் வரவில்லை என்றால் நெட்வொர்க் கோளாறு. வந்தால், ஏஜென்ட்டை நிறுவும் கட்டளையில் என்ன முகவரி இருக்கிறது என்று பாருங்கள். 0.0.0.0 என்று இருந்தால் ஏஜென்ட்டுக்கு எங்கே போவதென்று தெரியாது. கால்டெராவின் உண்மையான ஐபியைப் போட வேண்டும்.

முகவரி சரி, ஃபைலும் இறங்கியது, அடுத்த நொடி காணோம் என்றால் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பிடித்துவிட்டது. இதில் எரிச்சல்பட ஒன்றுமில்லை, நல்ல செய்திதான். 'முதல் படியிலேயே டிஃபெண்டர் தடுத்தது' என்று மணியோடு நோட்டில் எழுதுங்கள். அதுவே ஒத்திகையின் முதல் முடிவு. மேற்கொண்டு உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டுமானால், ஏஜென்ட் இருக்கும் ஒரே ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். டிஃபெண்டரை மொத்தமாக அணைத்துவிட்டு ஒத்திகை பார்ப்பது, நாயைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குக் காவல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சமம்.

வந்து சில நிமிடத்தில் 'அன்ட்ரஸ்டட்' ஆகிறது என்றால் அந்த மெஷின் தூங்கப் போயிருக்கும். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: தெரியக் கூடாத மெஷின் தெரிகிறது

மற்ற எல்லாம் வேலை நின்றுபோகிற கோளாறு. இது வேலை நடந்துவிடுகிற கோளாறு. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இரண்டாவது ஒத்திகையிலேயே எனக்கு இது நடந்தது. பக்கத்தில் என்ன மெஷின்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் படியை ஓட்டச் சொன்னேன். என் கணக்கில் 192.168.56 என்று தொடங்கும் இரண்டு முகவரிகள் வர வேண்டும். வந்ததோ 192.168.1 என்று தொடங்கும் நீளமான பட்டியல். அதில் ஐந்தாவது வரி கைரேகை மெஷின், ஒன்பதாவது வரி டேலி ஓடும் சர்வர். பக்கத்தில் நின்ற முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அது நம்ம சலான் போடற மெஷினுங்களே?" என்றார். எனக்குக் கை சில்லிட்டுப்போனது. காலையில் விண்டோஸ் அப்டேட் இறக்குவதற்காக அந்த விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க்கை 'பிரிட்ஜ்டு' என்று, அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கில் நேரடியாகச் சேரும்படி, மாற்றியவன், திருப்பி மாற்றவில்லை. ஏஐ வழி தவறவில்லை. பக்கத்தில் இருப்பதைத் தேடச் சொன்னேன், தேடியது. 'ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும்' என்று நான் எழுதியிருந்த வரி, திறந்து கிடந்த வழியை அடைக்கவில்லை.

இப்படிக் கண்டால் செய்ய வேண்டியது, இதே வரிசையில்: அந்தக் கம்ப்யூட்டரின் லேன் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கால்டெராவில் ஆப்பரேஷனை (படிகளை வரிசையாக ஓட்டும் ஓட்டத்தை) நிறுத்துங்கள், ஏஜென்ட்டைக் கொல்லுங்கள். ஏஐயிடம் நிறுத்தச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம், கையாலேயே செய்யுங்கள். அப்புறம் எந்தெந்த முகவரிக்கு என்ன போனது என்று கால்டெராவின் பதிவிலிருந்து எடுத்து, அனுமதி கொடுத்தவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுற்றிலும் கிளுவை வேலி, ஒரு பக்கம் படல். உள்ளே விட்ட மாட்டைப் பகலெல்லாம் யாரும் மேய்க்க மாட்டார்கள்; அது பாட்டுக்கு மேயும். மாட்டிடம் 'அடுத்த காட்டுக்குப் போகாதே' என்று சொல்லி அந்த நிம்மதி வரவில்லை. ஓட்டிவிடுமுன் வேலியைச் சுற்றி நடந்து பார்த்ததால் வந்தது. ஏஐக்கு எழுதும் அறிவுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேலி ஆகாது. கிளுவை நட வேண்டிய இடம் நெட்வொர்க்.

நான் இப்போது நடும் வேலி இது. கால்டெரா மெஷினுக்கு இரண்டு நெட்வொர்க் அட்டைகள். ஒன்று 'ஹோஸ்ட்-ஒன்லி': வெளியே இருக்கும் ஏஐ பேச. இன்னொன்று 'இன்டர்னல் நெட்வொர்க்': உள்ளே விண்டோஸோடும் வாசூவோடும் பேச. விண்டோஸுக்கும் வாசூவுக்கும் இன்டர்னல் மட்டும்தான். ஒரு மெஷினில் நான்கு அட்டைகள் வரை அமைப்புப் பக்கத்தில் தெரியும். முதல் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், நான்கையும் திறந்து பாருங்கள். பலரும் 'என்ஏடி' பத்திரமானது என்று நம்புகிறார்கள். அப்படியில்லை. என்ஏடியில் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, உள்ளிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போக முடியும். ஒத்திகையில் நமக்குப் பயமே அந்தத் திசைதான். ஷேர்டு ஃபோல்டர், பொது கிளிப்போர்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். அப்டேட் வேண்டுமானால் ஒத்திகைக்கு முந்தைய நாளே முடித்து, அட்டையை மாற்றிய பிறகுதான் ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பி வர மெஷினின் அப்போதைய நிலையைச் சேமித்து வைப்பது).

ஓட்டுமுன் வேலியைச் சுற்றி வருவதும் சுலபம். அடிவாங்கும் விண்டோஸில் உட்கார்ந்து ஆபீஸ் ரவுட்டருக்கு ஒரு பிங், டேலி சர்வருக்கு ஒரு பிங், வெளி இணையத்துக்கு ஒரு பிங். மூன்றும் தோற்க வேண்டும். ஒன்று ஜெயித்தாலும் அன்றைக்கு ஒத்திகை கிடையாது.

வேலிக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. ஏஐ ஓடுவது வெளிக் கம்ப்யூட்டரில். அதற்குக் கால்டெரா கருவியோடு சேர்த்து, கட்டளை ஓட்டும் கருவி, ஃபைல் திறக்கும் கருவி எல்லாம் ஏற்கெனவே இணைத்து வைத்திருந்தால் அது வேலிக்கு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். ஒத்திகைக்கென்று தனி விண்டோஸ் கணக்கு தொடங்கி, அதில் கால்டெரா இணைப்பு ஒன்றை மட்டும் வையுங்கள்.

அறிகுறி: கேட்காத படியை ஏஐ எடுக்கிறது

பட்டியலில் மூன்று படி சொன்னீர்கள், நான்காவதாக ஒன்று ஓடுகிறது. முதலில் ஒப்புதல் கேட்கும் பெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேட்பது தொல்லை என்று 'எப்போதும் அனுமதி' தட்டியிருப்பீர்கள். படிப்பதற்கான கருவிகளுக்கு அது பரவாயில்லை. ஆப்பரேஷன் தொடங்குவது, படி சேர்ப்பது போன்றவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்கட்டும். கால்டெராவிலும் ஆப்பரேஷனை 'மேனுவல்' முறையில் வைத்தால் நீங்கள் சம்மதிக்காமல் எந்தப் படியும் போகாது. இரண்டு படல் இருப்பதில் தவறில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஏஐ, ஏஜென்ட் அனுப்பும் வெளியீட்டைப் படிக்கிறது. அந்த வெளியீட்டுக்குள்ளேயே, ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலோ லாக்கிலோ, 'அடுத்து இதைச் செய்' என்பது போல ஒரு வாக்கியம் இருந்தால் அதை நம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அடிவாங்கும் மெஷினில் கண்ட கண்ட ஃபைலைக் கொண்டு போய்ப் போடாதீர்கள். நிஜக் கம்பெனி டேட்டாவும் வேண்டாம். படித்ததெல்லாம் ஏஐ சேவைக்குப் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். நான் போலிப் பெயரில் போலி இன்வாய்ஸ் இருபது உண்டாக்கி வைத்திருக்கிறேன்.

அறிகுறி: ஏஐ மறுக்கிறது

'எங்கள் கம்பெனி ஒத்திகைதான்' என்று எத்தனை முறை சொன்னாலும் சில படிகளுக்கு முடியாது என்றுவிடும். காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட அறிக்கையில், ஒரு குழு அவர்களுடைய ஏஐ நிரலாக்கக் கருவியான கிளாட் கோடை வைத்துச் சுமார் முப்பது இடங்களைக் குறிவைத்த கதை இருக்கிறது. அந்தக் குழுவினரும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்களாக நடித்து, இது சோதனை என்று சொல்லித்தான் அதைச் செய்ய வைத்தார்கள். நாம் உண்மையாகச் சொல்வதும் அவர்கள் பொய்யாகச் சொன்னதும் எழுத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் வார்த்தையை மாற்றி மாற்றி ஏமாற்றப் பார்க்காதீர்கள். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் படி, எந்த வரிசை என்பதைக் கால்டெராவில் நீங்களே கையால் அமைத்துவிடுங்கள். அமைத்த ஆப்பரேஷனின் நிலையைப் பார்ப்பது, வெளியீட்டை விளக்குவது, வாசூவில் எது பதிவானது என்று ஒப்பிடுவது, அறிக்கை எழுதுவது எல்லாம் ஏஐக்கு. இந்த வேலைகளில் அது மறுத்து நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் அதன் முழு உபயோகமும் அங்கேதான்.

அறிகுறி: 'முடிந்தது' என்கிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை

ஏஐயின் வாக்கியத்தை நம்பாமல் கால்டெராவின் நிலை எண்ணைப் பாருங்கள். 0 என்றால் ஓடியது, 1 என்றால் பிழை, 124 என்றால் நேரம் தாண்டிவிட்டது. ஆப்பரேஷன் தொடங்கிய வேகத்தில் ஒரு படிகூட இல்லாமல் முடிந்தால் மூன்று காரணங்கள்: படி லினக்ஸுக்கானது, மெஷினோ விண்டோஸ்; படிக்கு அட்மின் உரிமை வேண்டும், ஏஜென்ட்டையோ சாதாரணக் கணக்கில் ஓட்டியிருக்கிறீர்கள்; அல்லது படிக்கு முன்தகவல் ஒன்று, யூசர் பெயரோ ஃபோல்டர் பாதையோ, தேவை, அது எங்கும் கொடுக்கப்படவில்லை. முதல் ஒத்திகைக்கு அட்டாக் பட்டியலின் டி1082 போதும். மெஷினைப் பற்றிய விவரம் திரட்டும் படி அது. எதையும் கெடுக்காது, முன்தகவலும் கேட்காது.

அறிகுறி: படி ஓடியது, வாசூவில் எச்சரிக்கை இல்லை

இங்கேதான் நாம் எதற்காக இதையெல்லாம் செய்கிறோமோ அது இருக்கிறது. அவசரப்பட்டு விதி எழுதப் போகாதீர்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பது மாதிரி ஒவ்வொரு மடையாகப் பாருங்கள்.

முதல் மடை விண்டோஸ். ஈவென்ட் வியூவரில், மெஷினில் நடப்பதைப் பதிவு செய்யும் மைக்ரோசாஃப்ட் கருவியான சிஸ்மானின் ஆப்பரேஷனல் பதிவைத் திறந்து பாருங்கள். புது நிரல் ஓடியதற்கு எண் 1, நெட்வொர்க் இணைப்புக்கு 3, ஃபைல் உண்டானதற்கு 11. கால்டெரா காட்டும் மணிக்கு அங்கே 1 இல்லை என்றால் சிஸ்மான் நிறுவப்படவில்லை, அல்லது அதன் கான்ஃபிக் அதை வடிகட்டிவிட்டது.

அங்கே இருக்கிறது, வாசூவுக்கு வரவில்லை என்றால் இரண்டாவது மடை. விண்டோஸில் வாசூவுக்கென்று தனியாக ஓடும் வாசூ ஏஜென்ட் தானாகச் சிஸ்மானைப் படிக்காது. அதன் கான்ஃபிக்கில் அந்தச் சேனலின் முழுப் பெயரையும், வடிவம் ஈவென்ட்சேனல் என்பதையும் எழுதி, சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும். 1514 போர்ட் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாசூவுக்கு வந்துவிட்டது, திரையில்தான் இல்லை என்றால் மூன்றாவது. இயல்பாக 3-ஆம் நிலைக்குக் கீழான எச்சரிக்கை காட்டப்படாது. எந்த விதியிலும் சிக்காத பதிவு சேமிக்கவும்படாது. 'லாக்ஆல்' என்பதைத் தற்காலிகமாக இயக்கி ஆர்க்கைவில் தேடினால் கிடைக்கும். கிடைத்த வரியை ஏஐயிடம் கொடுத்து விதி எழுதச் சொல்லலாம், நன்றாகவே எழுதும். எழுதிய விதியைச் சேர்த்து, அதே படியைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். முன்பு ஓசையில்லாமல் போனது இப்போது திரையில் வந்து நின்றால், அன்றைய பொழுது வீண் போகவில்லை.

மூன்று மடையும் சரி, மணி மட்டும் பொருந்தவில்லையா? ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியபோது மெஷினின் கடிகாரம் பழைய நாளிலேயே நின்றிருக்கும். டாஷ்போர்டில் 'கடைசி 15 நிமிடம்' என்று தேடினால் அது எப்படி வரும்? கடிகாரத்தைச் சரிப்படுத்தும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரலான கெஸ்ட் அடிஷன்ஸ் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஒத்திகையில் இல்லாத ஒன்று பதிவில் இருக்கிறது

கால்டெரா எதுவும் ஓட்டாத மணிக்கு, நீங்கள் சேர்க்காத கணக்கோ தெரியாத இணைப்போ நிஜ மெஷின்களில் தென்பட்டால் ஒத்திகையை அங்கேயே நிறுத்துங்கள். அது நிஜமாக இருக்கலாம். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். மெஷினை ஃபார்மட் செய்து 'சுத்தம்' பண்ணிவிடாதீர்கள், தடயம் போய்விடும். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

அறிகுறி: ஒத்திகை முடிந்தும் எச்சம் ஓடுகிறது

அடுத்த நாள் விண்டோஸைத் திறந்தால் ஏஜென்ட் மறுபடி கால்டெராவைக் கூப்பிடுகிறது, அல்லது டாஸ்க் ஷெட்யூலரில் ஏதோ பெயரில் ஒரு வேலை நிற்கிறது. நிலைத்து உட்காரும் படிகளை ஓட்டியிருந்தால் அப்படித்தான். அட்டாமிக் ரெட் டீம் என்ற இலவசத் தொகுப்பின் சோதனைகள் பலவற்றில் துடைக்கும் கட்டளை சேர்ந்தே வரும். கால்டெராவின் படிகளிலும் சிலவற்றுக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. அதனால் வரிசை இப்படி: முதலில் லாக்கையும் அறிக்கையையும் வெளியே எடுத்து வையுங்கள், அப்புறம் துடைக்கும் கட்டளை, கடைசியாக ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புதல். லாக்கை எடுக்காமல் திரும்பினால் நாள் முழுக்கச் செய்த வேலை அதோடு போய்விடும். திரும்பியதும் டாஸ்க் ஷெட்யூலர், ஸ்டார்ட்அப், யூசர் கணக்குகள் மூன்றையும் ஒருமுறை திறந்து பார்த்து, கால்டெராவின் சாவியை மாற்றி, டிஃபெண்டரில் அந்த ஃபோல்டருக்குக் கொடுத்த விலக்கு போய்விட்டதா என்று பார்த்த பிறகு மெஷினை அணையுங்கள்.